ஸ்பானிஷ், போர்த்துகீசு கிராஜுவேட் சான்றிதழ்: 15 கிரெடிட்டா, 18 கிரெடிட்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வகுப்பறை_ஜன்னல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழு வருடமாக ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். என் முதுகலை கல்வியியலில். ஸ்பானிஷை இளங்கலையில் துணைப்பாடமாகப் படித்ததோடு சரி. மிச்சமெல்லாம் வகுப்பறையில் பேசிப் பேசி வந்தது. இரண்டு வருடமாக என் வகுப்பில் பிரேசில் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். போன மாதம் பெற்றோர் சந்திப்பில் ஒரு அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். நான் ஸ்பானிஷில் பேசினேன், அவர் போர்த்துகீசில் பதில் சொன்னார். நான் சொன்னது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் சொன்னது எனக்குக் கால்வாசிகூடப் பிடிபடவில்லை. கடைசியில் பையனே நடுவில் நின்று, தன் மதிப்பெண் குறைந்த கதையைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், முறையாகப் படிக்க வேண்டும் என்று. இப்போது கையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு மொழியும் சேர்ந்த 15 கிரெடிட் (பல்கலைக்கழகப் பாட அளவைக் கணக்கிடும் அலகு) சான்றிதழ்: ஸ்பானிஷ் 9, போர்த்துகீசு 6. முழுக்க ஆன்லைன். இன்னொன்று, ஸ்பானிஷ் மட்டும், 18 கிரெடிட். இதற்கு நடுவில், அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளியில் டூயல் கிரெடிட் ஸ்பானிஷ் (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரிப் பாடம்) எடுக்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

வேலையோடு படிப்பதால் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்தான் முடியும். எதில் சேர்வது?

மூன்றாம்_மணி எழுதியது:

அந்த டூயல் கிரெடிட் விஷயம்தான் உங்கள் பதிவிலேயே முக்கியமானது. ஆனால் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாம் தமிழில் எல்லாவற்றையும் 'சான்றிதழ்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். இங்கே அது மூன்று வேறு வேறு தாள். பல்கலைக்கழகம் தரும் கிராஜுவேட் சான்றிதழ் என்பது இளங்கலைக்கு மேல் நான்கு முதல் ஆறு பாடம் படித்து முடித்ததற்கான அத்தாட்சி, பெரும்பாலும் 12 முதல் 18 கிரெடிட் வரை இருக்கும். மாநிலம் தரும் ஆசிரியர் லைசென்ஸ் வேறு. தேர்வு அமைப்புகள் உங்கள் பேச்சையும் எழுத்தையும் அளந்து தரும் தாள் இன்னும் வேறு. ஒன்று கையில் இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. விளம்பரப் பக்கங்களில் இந்தக் கோடுகள் தெளிவாகத் தெரியாது. அதனாலேயே பலர் பணம் கட்டிய பிறகு திகைத்து நிற்கிறார்கள்.

சரி, டூயல் கிரெடிட்டுக்கு வருவோம். பள்ளியில் நடந்தாலும் அது கல்லூரிப் பாடம். எடுப்பவருக்குக் கல்லூரி ஆசிரியருக்கான தகுதி வேண்டும். வழக்கமான அளவுகோல் இதுதான்: அந்தப் பாடத்திலேயே முதுகலை, இல்லையென்றால் வேறு பாடத்தில் முதுகலையும் அதோடு இந்தப் பாடத்தில் 18 பட்டமேற்படிப்பு கிரெடிட்டும். உங்களுக்குக் கல்வியியல் முதுகலை இருக்கிறது. ஆகவே உங்கள் கதவைத் திறப்பது அந்த 18. 'இந்தப் பாடத்தில்' என்கிற இரண்டு சொல்லையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஸ்பானிஷ் 9, போர்த்துகீசு 6 என்றால், ஸ்பானிஷ் எடுக்க வரும்போது உங்கள் கணக்கு 9 என்றே எண்ணப்படலாம். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது படித்த பாடங்களின் பதிவுத் தாளில், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் துறையின் குறி ஒன்று இருக்கும். சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது அந்தக் குறியைத்தான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். நான் சேர்ந்த சான்றிதழில் ஆறு பாடம், மொத்தம் 18 கிரெடிட். நிம்மதியாகப் படித்தேன். முடித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் 15தான் என்றார்கள். ஆறில் ஒன்று மொழி கற்பிக்கும் முறை பற்றியது. முழுக்க ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்காக, ஸ்பானிஷிலேயே நடந்த பாடம். ஆனால் அது கல்வித் துறையின் குறியில் பதிவாகியிருந்தது. அந்த ஒரு குறிக்காக இன்னொரு பருவம், இன்னொரு பாடம், இன்னொரு கட்டணம்.

அதனால் பணம் கட்டும் முன்பே, நீங்கள் எந்தக் கல்லூரிக்காக டூயல் கிரெடிட் எடுக்கப்போகிறீர்களோ, அந்தக் கல்லூரிக்குப் பாடப் பட்டியலையும் சிலபஸையும் அனுப்பிக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். போனில் யாராவது "பரவாயில்லை, ஆகிவிடும்" என்று சொன்னதை இரண்டு வருடம் கழித்து யாரிடம் போய்க் காட்டுவது?

சம்பளப் படிநிலையும் இதே கதைதான். பல பள்ளி டிஸ்ட்ரிக்டுகளில் முதுகலைக்கு மேல் 15, 30 என்று கிரெடிட் சேரச் சேர அடுத்த படிக்குப் போகலாம். பெரும்பாலும் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஆசிரியை இல்லை, மாசசூசெட்ஸில் செவிலியாக இருக்கிறேன். இங்கே நியூ பெட்ஃபோர்ட், ஃபால் ரிவர் பக்கம் போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பிரேசில்காரர்கள், கேப் வெர்டே மக்களும் நிறைய. என் ஸ்பானிஷ் ஓரளவு நன்றாகவே இருக்கும். அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நானும் நினைத்தவள்தான்.

முன்பு நான் வேலை செய்த ஒரு கிளினிக்கில், போர்த்துகீசு பேசுகிறவர்களுக்கான பதிவுப் படிவத்தை யாரோ ஸ்பானிஷ் படிவத்தைப் பார்த்து அவசரத்தில் தயாரித்திருந்தார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'அபெலீது' என்று இருந்தது. ஸ்பானிஷில் 'அபெயீதோ' என்றால் குடும்பப் பெயர். போர்ச்சுகலிலும் அபெலீது குடும்பப் பெயர்தான். ஆனால் பிரேசிலில் அதற்கு அர்த்தம் செல்லப்பெயர்! அங்கே குடும்பப் பெயரை 'சோப்ரெநோமி' என்பார்கள். ஒரு பிரேசில்காரர் தன்னை வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரில் கோப்பு திறந்து, பழைய பரிசோதனை முடிவுகளைத் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. அரை நாள் போனது. அவருக்கு நல்லவேளை அவசர நோய் எதுவும் இல்லை.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 1980இல் ஃப்ளோரிடாவில் ஒரு 18 வயது இளைஞனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பம் சொன்ன சொல் 'இன்டொக்சிகாதோ'. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் சொன்னார்கள். மருத்துவர்கள் அதைப் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது மூளையில் ரத்தக் கசிவு. அவன் கைகால் செயலிழந்தவனாகிவிட்டான். கடைசியில் சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடாக முடிந்தது. மருத்துவ மொழிபெயர்ப்பு வகுப்பு எதற்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

என் கேள்வி: இந்தக் கிராஜுவேட் சான்றிதழ் முடித்தால் நான் மருத்துவ மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கலாமா?

மூன்றாம்_மணி எழுதியது:

அதை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது அம்மா. மேலே சொன்ன மூன்று தாள் கணக்குதான். மருத்துவ மொழிபெயர்ப்புக்கு அமெரிக்காவில் இரண்டு தேசிய அமைப்புகள் தேர்வு வைக்கின்றன. தேர்வு எழுதவே குறைந்தது 40 மணி நேரப் பயிற்சியும், மொழித்திறனுக்கான ஆதாரமும் கேட்பார்கள். உங்கள் சான்றிதழ் அந்த ஆதாரத்துக்கு உதவும், அவ்வளவுதான். நீதிமன்றப் பக்கம் யோசித்தால், கூட்டரசு நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் தேர்வு இப்போது ஸ்பானிஷுக்கு மட்டும்தான் நடக்கிறது, போர்த்துகீசுக்கு இல்லை.

நாவசைவு எழுதியது:

போர்த்துகீசுத் துறையில் ஆராய்ச்சி மாணவன் நான், முதல் வருட வகுப்புகளும் எடுக்கிறேன். இழையில் எல்லாரும் கிரெடிட் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அது தேவைதான். மொழியைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

ஜன்னல் அக்கா, அந்த அம்மாவுக்கு உங்கள் ஸ்பானிஷ் புரிந்ததும், உங்களுக்கு அவர் போர்த்துகீசு புரியாததும் உங்கள் குறை அல்ல. எல்லாருக்கும் இப்படித்தான். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்தே ஐந்து, நம் அ, இ, உ, எ, ஒ மாதிரி. எந்த இடத்தில் வந்தாலும் ஒரே ஒலி. போர்த்துகீசில் எ, ஒ இரண்டுக்கும் திறந்த ஒலி, மூடிய ஒலி என்று பிரிவு உண்டு. அதற்கு மேல் மூக்கொலிகள். ஐரோப்பியப் போர்த்துகீசில் அழுத்தம் இல்லாத உயிரொலிகளைப் பாதி விழுங்கியே விடுவார்கள். ஆகவே போர்த்துகீசுக்காரருக்கு ஸ்பானிஷ் கேட்பது எளிது. எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. 'அவோ' என்று ஒரு சொல். கடைசி ஒகாரத்தை வாய் திறந்து சொன்னால் பாட்டி, உதட்டைக் குவித்துச் சொன்னால் தாத்தா. என் மாணவர்களில் நன்றாக ஸ்பானிஷ் பேசுகிறவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள். காது "இது எனக்குத் தெரிந்த சொல்தானே" என்று முடிவு பண்ணிவிடுகிறது, அதற்கப்புறம் கேட்பதே இல்லை.

இலக்கணத்திலும் அப்படித்தான். எதிர்கால சப்ஜங்டிவ் என்பது இனி நடக்கக்கூடியதைச் சொல்லும் ஒரு வினை வடிவம். ஸ்பானிஷில் அது பெரும்பாலும் சட்டப் புத்தகங்களிலும் சில பழமொழிகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. போர்த்துகீசில் அது நாள் முழுக்கப் புழங்குகிறது. 'நான் போனால்', 'உங்களுக்கு முடியும்போது' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதில்தான் பேசும். அப்புறம், எழுவாய்க்கேற்ப விகுதி மாறும் வினையெச்சம் ஒன்று இருக்கிறது, ஸ்பானிஷில் அதற்கு இணையே கிடையாது.

ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் 'போலி நண்பர்' சொற்களைப் பற்றி இரவுப்பணி அருமையாகச் சொன்னார். இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். 'லார்கோ' ஸ்பானிஷில் நீளம், போர்த்துகீசில் அகலம். 'எஸ்கிசீதோ' ஸ்பானிஷில் மிகச் சுவையானது, போர்த்துகீசில் 'எஸ்கிசீத்து' விநோதமானது. விருந்துக்கு அழைத்தவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

அதனால் சேர்ந்த சான்றிதழில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 6 கிரெடிட் போர்த்துகீசும் 'ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கான போர்த்துகீசு' என்று தனியாக வடிவமைத்ததா? அப்படியென்றால் நல்லது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டிலேயே நேரத்தைச் செலவிடுவார்கள். பொதுவான தொடக்க வகுப்பு என்றால் உங்களுக்குப் பாதி நேரம் வீண். எந்தப் போர்த்துகீசு என்பதையும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் பிரேசில், ஆசிரியர் லிஸ்பன் என்றால் பாதகம் இல்லை, ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். உங்கள் பெயரில் இருக்கும் 'ஜன்னல்' போர்த்துகீசு 'ஜனேலா'. மேசை, சாவி, அலமாரி, பேனா, துவாலை, எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். வகுப்பறையில் நம்மைச் சுற்றிப் பாதிப் பொருள் ஏற்கெனவே அந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் எனக்கு இது பெரிய தைரியம் கொடுத்தது.

வகுப்பறை_ஜன்னல் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாவசைவு தம்பி, 'அவோ' இரண்டையும் யூடியூபில் பத்து முறை கேட்டேன். இன்னும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

மூன்றாம் மணி சார், கல்லூரிக்கு எழுதிவிட்டேன். பதில் வந்ததும் சொல்கிறேன். இன்னொரு கேள்வி. என் பேச்சை அளக்கும் தேர்வையும் எடுக்கச் சொல்கிறார்கள், ஆக்ட்ஃபல் என்ற மொழி ஆசிரியர் அமைப்பின் ஓ.பி.ஐ. என்று. சான்றிதழ் படிப்பே போதாதா? ஏழு வருடம் பாடம் நடத்துகிற எனக்கு அது எதற்கு?

மூன்றாம்_மணி எழுதியது:

இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். பதினோரு வருட அனுபவத்தோடு போய் முதல் முறை தவறவிட்டேன். எங்கே தவறினேன் என்று விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

அது போனில் நடக்கும் உரையாடல், 20 முதல் 30 நிமிடம். கேள்வித்தாள் கிடையாது. எதிரே இருப்பவர் நம் பேச்சிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார், ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற்றிப் பார்ப்பார். பல மாநிலங்களில் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது 'அட்வான்ஸ்டு லோ' என்ற நிலை. அதன் உயிர்நாடி, நடந்த ஒரு சம்பவத்தைத் தொடர்ச்சியாக, பத்தி பத்தியாகச் சொல்ல முடிவது.

என்னிடம் கேட்டது: "எதிர்பாராமல் ஏதாவது நடந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்." மின்சாரம் போன ஒரு இரவைச் சொன்னேன். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. மழை பெய்துகொண்டிருந்தது, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னணியாக விரிவதற்கு ஒன்று: 'யோவீயா', 'தோர்மீயான்'. சட்டென்று விளக்கு அணைந்தது என்று முடிந்துபோகிற செயலுக்கு இன்னொன்று: 'செ அபகோ'. கரும்பலகையில் இதை வருடா வருடம் எழுதிப் போடுகிறவன் நான்! ஆனால் மூன்று நிமிடம் நிறுத்தாமல் பேசும்போது இரண்டும் கலந்துபோயிற்று. விளக்கு அணைந்துகொண்டே இருந்தது, பிள்ளைகள் தூங்கி முடித்தார்கள் என்கிற மாதிரி ஆகிவிட்டது. 'இன்டர்மீடியட் ஹை' என்று முடிவு வந்தது, ஒரு படி கீழே.

யோசித்தபோது காரணம் தெரிந்தது. பதினோரு வருடமாக நான் வகுப்பில் பேசியதெல்லாம் நிகழ்காலமும் கட்டளையும்தான். "புத்தகத்தைத் திறங்கள்", "உன் பெயர் என்ன", "இது என்ன நிறம்". முதல் நிலை வகுப்புகளை எடுக்கும் ஆசிரியரின் மொழி பிள்ளைகளின் மொழியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சான்றிதழ் படிப்பு எனக்குக் கொடுத்த பெரிய லாபம் அந்த 18 கூட இல்லை. வாரா வாரம் ஸ்பானிஷில் கட்டுரை எழுத வைத்தார்கள். படித்ததை ஸ்பானிஷிலேயே வாதாட வைத்தார்கள். இரண்டாவது முறை ஓ.பி.ஐ. எடுத்தபோது அதே மாதிரிக் கேள்வி வந்தது, கோர்வையாகச் சொன்னேன்.

ஆகவே பாடப் பட்டியலைப் பார்க்கும்போது, வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது, நேரலையில் பேச வேண்டுமா, இல்லை எழுத்துப் பதிவு மட்டும்தானா என்று கேளுங்கள். வாரம் ஒரு முறையாவது வாய் திறந்து பேச வைக்காத ஆன்லைன் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுவரவு எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பல்கலைக்கழகம் வேண்டாம், தேர்வு மட்டும் எழுதி டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் சான்று வாங்கினால் போதாதா? செலவு குறையுமே.

நாவசைவு எழுதியது:

எதற்கு என்பதைப் பொறுத்தது. டெலே ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்துவது, ஒருமுறை வாங்கினால் காலாவதி கிடையாது. சியெலே என்று இன்னொரு ஸ்பானிஷ் தேர்வு, அதற்கு ஐந்து வருட ஆயுள். போர்த்துகீசில் பிரேசில் அரசின் செல்ப்பி பிராஸ் என்ற தேர்வு இருக்கிறது. அதில் தனியாக இலக்கணக் கேள்வியே வராது, காணொளி பார்த்து, கேட்டு, கடிதம் எழுதச் சொல்வார்கள். ஒரே தேர்வுதான், வாங்கும் மதிப்பெண்ணை வைத்து நிலை. நிறுவன வேலைக்கு மொழித்திறனைக் காட்ட இவை நன்றாகப் போதும். ஆனால் இவற்றில் எதுவும் பட்டமேற்படிப்பு கிரெடிட் ஆகாது. அக்காவுக்குக் கிரெடிட்தான் தேவை.

வகுப்பறை_ஜன்னல் எழுதியது:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். இழையைப் பின்தொடர்ந்தவர்களுக்காக.

கல்லூரி எழுத்தில் பதில் கொடுத்தது: போர்த்துகீசு கிரெடிட் ஸ்பானிஷ் கணக்கில் சேராது. மூன்றாம் மணி சார் சொன்னதேதான். அதனால் 18 கிரெடிட் ஸ்பானிஷ் சான்றிதழில் சேர்ந்துவிட்டேன். முதல் பாடம் ஒலியியல், வியாழக்கிழமை மாலை நேரலை வகுப்பு. கற்பித்தல் முறைப் பாடம் எந்தத் துறைக் குறியில் இருக்கிறது என்று கேட்டு, அதற்குப் பதிலாக மொழிபெயர்ப்புப் பாடத்தை எடுத்துக்கொண்டேன். இதே கிரெடிட்டுகளைப் பிறகு முதுகலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிட்டேன்.

போர்த்துகீசை விடவில்லை. கிரெடிட் இல்லாமல், ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றில் இருக்கிறேன். பத்து வாரம் முடிந்தது.

நேற்று மறுபடியும் பெற்றோர் சந்திப்பு. அதே அம்மா. இந்த முறை நான் போர்த்துகீசில் தொடங்கினேன், மெதுவாக, தட்டுத் தடுமாறி. பையனைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போவது யார் என்று கேட்டேன். "அவோ" என்றார். பாட்டியா தாத்தாவா என்று எனக்குப் பிடிபடவில்லை, மறுபடி கேட்டேன். அவர் புரிந்துகொண்டு இரண்டையும் நிதானமாகச் சொல்லிக் காட்டினார், ஒன்றுக்கு வாயைத் திறந்து, ஒன்றுக்கு உதட்டைக் குவித்து. அப்புறம் மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதினார். பாட்டியின் மேல் ஒரு சாய்கோடு, தாத்தாவின் மேல் ஒரு சின்னக் கூரை. நான் திருப்பிச் சொன்னேன். மூன்றாவது முறை தலையாட்டினார்.

இருபது நிமிடம் பேசினோம். பையன் வெளியே நண்பர்களோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.